லேபிள் உரித்த புட்டிகள்

மகளே,

சோறு குக்கரில் இருக்கிறது. சாவி செருப்பு அலமாரியில்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், ஞாபகச் சோதனைக்கு. சம்பந்தியம்மா வருகிறார் என்று என் மாத்திரைப் புட்டிகளின் லேபிளை எல்லாம் உரித்துவிட்டாய். இரண்டிலும் வெள்ளை மாத்திரை. எனக்கோ ஞாபகம் தப்புகிறது. எச்ஐவி மாத்திரை என்று நினைத்து, பிரஷர் மாத்திரையையே இரண்டாம் தடவையும் விழுங்கி நேற்றுக் குளியலறையில் விழுந்தேன். தூக்கிவிட்ட நீ, "வயசாச்சுல்லம்மா, பாத்து நடக்கக் கூடாதா?" என்றாய்.

உன் அப்பாவும் இப்படித்தான். விருந்தாளி வந்த நாளெல்லாம் இதே எச்ஐவி மாத்திரையை ஒளித்துவைத்து, விழுங்காமலே விட்டார். மானத்தோடு போய்ச் சேர்ந்தார்.

பி.கு.: புது லேபிள் ஒட்டி வாங்கி வருவேன். புட்டிகள் இனி சாப்பாட்டு மேசையில்தான் இருக்கும். சம்பந்தியம்மா கேட்டால் என்னிடம் அனுப்பு. அந்த நோயின் பெயர் எனக்கு மறக்கவில்லை.