இடது கைக்கு ஓர் உறை

ஜூன் 9

என் குருவிக்கு,

பாட்டி எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால் உன் அப்பன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறான். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டுவிட்டேன். துணி கொண்டுவருகிறவர்கள் அளவு கொடுக்கும் முன்னால் உன்னைப் பற்றிக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் நானே ஆரம்பித்துவிடுவேன்.

பெப்பர் ஸ்ப்ரே வைக்க உறை கேட்டிருந்தாய். பல்கலைக்கழகத்துக்குள் அதைக் கொண்டுபோக விடலாமா என்று கூட்டம் போடுகிறார்கள், நீயும் பேசுகிறாய் என்று எழுதியிருந்தாய். நன்றாகப் பேசு. உனக்கு இருப்பது நம் வீட்டு வாய். உயிரை எடுக்காது, கண்ணைத்தான் எரிக்கும் என்றாயே, அதையே சொல்.

ஒரே சந்தேகம். உறையின் வாய் இடது கைக்கு வாகாக இருக்க வேண்டும் என்கிறாய். நீ சாப்பிடுவது, எழுதுவது, என் மேல் தலையணை எறிவது எல்லாமே வலது கையால். மறந்து எழுதினாயா? வெட்டும் முன் சொல். வெட்டிய துணி ஒட்டாது.

அன்பு முத்தங்களுடன்,
பாட்டி

ஜூன் 17

அன்புள்ள பாட்டி,

மறக்கவில்லை, இடதுதான். பை மாட்டுவது அந்தத் தோளில், அவ்வளவுதான். கூட்டம் ஜூலை 12. உறை விஷயம் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் குருவி

ஜூன் 22

குருவி,

யாரிடம் கதை விடுகிறாய்? உன் சட்டைகளில் எப்போதும் வலது தோள்தான் முதலில் நையும். ஒட்டுப் போட்டவளே நான்தானே. கைக்கு என்ன ஆயிற்று? உண்மையை எழுது. இல்லாவிட்டால் இந்த முழங்காலோடு பஸ் ஏறி வந்து உன் விடுதி வாசலில் நிற்பேன்.

பாட்டி

ஜூன் 28

பாட்டி,

பஸ் ஏறாதே. சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஆய்வகத்திலிருந்து விடுதிக்கு நடந்துகொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்கிறவன் பின்னாலேயே வந்து வலது மணிக்கட்டைப் பிடித்தான். "என்ன அவசரம், பேசிட்டுப் போ"ன்னு சிரித்தான். முறுக்கினான். நான் இங்கே படிக்கச் சேர்ந்த அன்றைக்கே என் ஸ்ப்ரேயை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், விதியாம். இடது கை சும்மாவே தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ சைக்கிளில் வந்தார்கள், விட்டுவிட்டான்.

வலி போய்விட்டது. புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் அப்பா வந்து பெட்டியைக் கட்டிவிடுவார். கூட்டத்திலும் 'சில மாணவிகளுக்கு' என்றுதான் பேசப்போகிறேன்.

குருவி

ஜூலை 4

என் கண்ணே,

"படித்தது போதும், வந்துவிடு" என்று ஒரு தாள் எழுதினேன். கிழித்துப் போட்டேன். நீ வந்துவிட்டால் அந்தப் பாதையில் அவன் கை வீசி நடப்பான். வருகிறவர்களிடம் நான் எதைப் பீற்றிக்கொள்வேன்? பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

உறை இதோடு வருகிறது. பொத்தான் வைக்கவில்லை, பயத்தில் விரல் தேடும். மடிப்புதான், தொட்டாலே திறந்துகொள்ளும். அனுமதி வரும்வரை வெறும் உறையாகவே பையில் தொங்கட்டும்.

உன் அப்பனிடம் நான் மூச்சு விடவில்லை. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. உன் கையை அல்லவா பிடித்தான்? அது எப்படிச் 'சில மாணவிகள்' கை ஆகும்?

பாட்டி

ஜூலை 15

பாட்டி,

'சில மாணவிகளுக்கு' என்றுதான் ஆரம்பித்தேன். பேராசிரியர் ஒருவர், "நிஜமா நடந்ததா, இல்ல கேள்விப்பட்டதாம்மா?"ன்னு கேட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையைத் தூக்கினேன். தழும்பு ஒன்றும் இல்லை. இருந்தாலும் "இந்தக் கைதான் சார்" என்றேன். அவன் பெயரையும் சொன்னேன். விசாரணை முடியும்வரை அவன் ஆய்வகத்துக்கு வரக் கூடாது. ஸ்ப்ரேக்கு ஒரு வருடம் அனுமதி, அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "சாப்பிட்டியா"ன்னு கேட்டார். வந்துவிடு என்று சொல்லவில்லை.

உன் உறையைப் பார்த்து விடுதியில் எல்லோரும் கேட்கிறார்கள். கை எது என்று சொல்லாமல் எழுதினால் நீ திட்டுவாயே என்று, எந்தக் கைக்கு வேண்டும் என ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன். பாதிப் பேர் இடது என்றார்கள்.

எல்லோரும் வலது கையால்தான் எழுதுகிறார்கள், பாட்டி.

உன் குருவி