ஒன்பதாவது பாட்டில் யார் குரல்

ஜனவரி 9, 2023, திங்கள்

மழை. ஒன்பதாவது பாட்டைப் பதிவு செய்து முடித்தோம். எழுபத்திரண்டு வயதில், முதன்முறையாக என் பெயர் மட்டும் போட்ட ஆல்பம். பத்துப் பாட்டில் இதுதான் உயிர். ஒலிப்பதிவு செய்யும் பிரையனி, நான் பாடி முடித்த பிறகும் நிறுத்தும் பொத்தானைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜனவரி 12

இந்தப் பாட்டுகளுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் வேண்டுமாம். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆல்பத்தின் உறையில் அச்சடிப்பார்களாம். எழுதினேன். மில் வேலை முடிந்து வந்து டாட்மோர்டன் ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதிய அப்பா. மூன்றாம் பாட்டு முழுக்க அவர்தான். மெதடிஸ்ட் சபையில் நாலு குரலில் பாடிய ஞானப்பாட்டுகள் — அதாவது ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனைகள். லிவர்பூலில் கப்பல் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த அமெரிக்க ப்ளூஸ் இசைத்தட்டுகள், கீறல் உட்பட.

நாற்பத்தாறு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்தும் பெரில் படித்துவிட்டுச் சொன்னாள்: "செத்தவங்க எல்லாரும் வந்துட்டாங்க. உயிரோட இருக்கிறவன் ஒருத்தனைக் காணோமே?"

டெஸ்மண்ட் கிராப்ட்ரீயைச் சொல்கிறாள். ஒரே தெருவில் வளர்ந்து, சேர்ந்து ராக் குழு ஆரம்பித்தோம். யார் எழுதினாலும் தட்டில் இரண்டு பெயர், என்னுடையது முதலில்: ஹோல்ராய்ட் – கிராப்ட்ரீ. 2004இல் பழைய தட்டுகளை மறுபடி வெளியிட்டபோது அவன் பெயர் முன்னால் வந்திருந்தது. அவன் செய்த வேலை என்றேன். இல்லை என்றான். "என் பாட்டையெல்லாம் திருடியவன்" என்றேன். அதோடு பேச்சு நின்றது. பத்தொன்பது வருஷம்.

ஜனவரி 15

அப்பாவின் குழு வாசித்த கேசட் ஒன்று பரணில் இருக்க வேண்டும் என்று ஏறினேன். கிடைத்தது வேறு. '1978, சமையலறை' என்று என் கையெழுத்து. போட்டேன். கிடார். கெட்டில் விசிலடிக்கிறது. ஒரு குரல் சொற்களில்லாமல் ஒரு மெட்டைப் பாடுகிறது.

ஒன்பதாவது பாட்டு. ஒரு ஸ்வரம் பிசகாமல்.

பாடுவது டெஸ்மண்ட்.

ஐயோ — என்ன பண்ணி வச்சிருக்கேன்? நாற்பத்தைந்து வருஷம் உள்ளே கிடந்ததை என்னுடையது என்று நினைத்துவிட்டேனா? அவனைத் திருடன் என்று சொன்ன வாய் இது.

ஜனவரி 16

யாருக்கும் தெரியாது. அவனுக்கே நினைவிருக்காது. கேசட்டை அடுப்பில் போட்டால் முடிந்தது.

ஜனவரி 17

போடவில்லை.

ஜனவரி 20

டெஸ்மண்ட் இருக்கும் மோர்கம்புக்குப் போய் வந்தேன். ரயிலில் கேசட் ரெக்கார்டரை மடியிலேயே வைத்திருந்தேன். கதவைத் திறந்தவன் முழுசாக நரைத்திருந்தான்.

"நீயா? உன் சாவுச் செய்தி வருதான்னு தினம் பேப்பர் பாத்துக்கிட்டிருக்கேன். வா உள்ள, குளிரடிக்குது."

மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' பண்டத்தைச் சூடாக்கி வைத்தான். என்னால் தொட முடியவில்லை. கேசட்டைப் போட்டேன். "உன் பாட்டுடா. தெரியாம எடுத்துட்டேன். உன் பேரு மட்டும்தான் வரணும்."

குனிந்து கேட்டான். திருப்பிப் போட்டுக் கேட்டான்.

"மடையா, இது உன் குரல்."

"என் குரலா? இந்த மூக்குச் சத்தம் உன்னோடது."

"அது எங்கம்மா கெட்டில். தேத்தண்ணி போடப் போனவன் நான். பாடுறது நீ."

"உங்கம்மா வீட்ல விசில் கெட்டிலே கிடையாது!"

பதினோரு தடவை போட்டுக் கேட்டோம். முன்பு என்னுடையது என்று கத்தியவர்கள் இப்போது உன்னுடையது என்று கத்திக்கொண்டிருந்தோம். கடைசியில் பெரிலுக்குப் போன் போட்டுக் கேட்க வைத்தோம்.

"எனக்கு அப்பவே உங்க ரெண்டு பேர் குரலும் ஒண்ணுதான்," என்றாள். "அந்தக் கெட்டில் மட்டும் என்னோடது."

கிளம்பும்போது 2004ஐப் பற்றிக் கேட்டேன்.

"அகரவரிசைன்னு ஆபீஸ்ல எவனோ மாத்தினது. அப்பவே சொன்னேனே."

"சொன்ன. நான்தான் கேக்கல. மன்னிச்சுக்கடா."

 அவன் மிச்ச இறைச்சிப் பையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். ரயிலில் அழுதேன், சாப்பிட்டுக்கொண்டே.

ஜனவரி 27

டெஸ்மண்ட் வந்து ஒன்பதாவது பாட்டில் இரண்டாம் குரல் பாடினான். எது யார் குரல் என்று பிரையனிக்கே குழப்பம். அவன் போன பிறகு கம்பெனிக்குச் சொன்னேன்: இந்தப் பாட்டுக்கு மட்டும் இரண்டு பெயர், கிராப்ட்ரீ முதலில்.

மார்ச் 8

உறையின் மாதிரி தபாலில் வந்தது. ஒன்பதாவது பாட்டுக்குக் கீழே: ஹோல்ராய்ட் – கிராப்ட்ரீ.

உடனே கம்பெனிக்குப் போன் செய்து சத்தம் போட்டேன். போன வாரம் திரு. கிராப்ட்ரீயே கூப்பிட்டு மாற்றச் சொன்னாராம்.

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" என்றாள் பெரில்.

சனிக்கிழமை அவன் இங்கே வருகிறான். நேரிலேயே சண்டை போட்டுக்கொள்கிறேன். பெரிலிடம் பெரிய இறைச்சிப் பையாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.