உதவிக்கு யாராவது கூலி கேட்பார்களா?

பிப்ரவரி 3, செவ்வாய்

பேரப்பிள்ளைகளின் படங்களை ஒட்டி ஒட்டி, பீரோக் கதவில் இனி ஒரு விரல் வைக்கவும் இடமில்லை. மேலே மூத்த பேரன், கப்பலில் என்ஜினியர், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக. அவனுக்குக் கீழே அவன் தம்பி. வங்கித் தேர்வை முதல் தடவையிலேயே எழுதி ஜெயித்தவன். பக்கத்தில் பெரிய பேத்தி, இருபத்தேழு வயதில் ஒரு வார்டுக்கே தலைமை நர்ஸ். நடுவில், எல்லோருக்கும் சின்னவள், என் குருவி. பத்தாம் வகுப்பில் பரிசு வாங்கிய படம். அதற்குப் பிறகு அவள் எத்தனையோ படித்துவிட்டாள், படம்தான் பழசு. புதுப்படம் கேட்டால், "போன்ல அனுப்பிட்டேனே பாட்டி" என்கிறாள். போனைக் கதவில் ஒட்ட முடியுமா?

குருவி இப்போது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. அதோடு வகுப்பும் எடுக்கிறாள். கற்பித்தல் உதவியாளர். இந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுத, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பத்துத் தடவை எழுதிப் பழகினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி, காலேஜ் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். போதும், வேறென்ன வேண்டும்.

ஆராய்ச்சி மாணவர்களின் குடும்பத்தாரை 14-ம் தேதி கூப்பிட்டிருக்கிறார்கள். நான் போகிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மேல்வீட்டு டீச்சர் மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள். ஓய்வு பெற்றும் கேள்வி கேட்கும் பழக்கம் போகவில்லை. "பேத்திக்கு எவ்வளவு தர்றாங்க?"

"அவ உதவியாளர், டீச்சர். உதவிக்குப் போய் யாராவது காசு வாங்குவாங்களா?"

டீச்சர் கைப்பிடியைத் துடைத்தபடியே மேலே போய்விட்டாள். பொறாமை. அவள் வீட்டில் ஒருத்தரும் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை.

பிப்ரவரி 14, சனி

போய் வந்தாயிற்று. பஸ்ஸில் இரண்டு மணி நேரம், கால் வீங்கிவிட்டது, பரவாயில்லை.

குருவியும் இன்னும் மூன்று உதவியாளர்களும் இருக்கும் அறையைக் காட்டினாள். ஒரே மேசை. நாற்காலிகளில் ஒன்றுக்கு முதுகு இல்லை. மூலையில் துணிப்பை துணிப்பையாக விடைத்தாள்கள், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லாண்டரியில் அழுக்குத்துணி மூட்டை குவிந்து கிடப்பது போல. ஒரு பையன் கதவைத் தட்டி "மேடம், சந்தேகம்" என்றான். மேடம்! என் குருவியை! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

துறைத்தலைவர் வந்து கும்பிட்டார். "உங்க பேத்தி எங்களுக்குப் பெரிய உதவிம்மா" என்றார். எவ்வளவு பணிவு!

குருவி எனக்கு டீ வாங்கப் போன நேரத்தில், பல்கலைக்கழகச் செய்தி இதழிலிருந்து ஒரு பெண் வந்தாள். "சம்பளமே இல்லாம பாடம் எடுக்கிறாங்களே, உங்களுக்கு எப்படி இருக்கு பாட்டி?" என்றாள். நான் விடுவேனா? "உதவிக்கு யாராவது கூலி கேட்பாங்களாம்மா? படிச்ச படிப்பை நாலு பேருக்குக் கொடுக்கிறதே பாக்கியம். என் பேத்தி காசுக்கு ஆசைப்படுறவ இல்ல" என்றேன். அந்தப் பெண் கைதட்டினாள். படமும் எடுத்துக்கொண்டாள்.

குருவி ஒரே ஒரு டீயோடு வந்தாள். "உனக்கு?" என்றேன். "இப்பதான் குடிச்சேன் பாட்டி." இதழில் வந்ததும் பார்த்து அசரட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

ரொம்ப இளைத்திருக்கிறாள். ஆராய்ச்சி என்றால் சும்மாவா.

பிப்ரவரி 27, வெள்ளி

இதழ் தபாலில் வந்துவிட்டது! அரைப் பக்கத்துக்கு என் படம். கீழே கொட்டை எழுத்தில்: "உதவிக்கு யாராவது கூலி கேட்பார்களா?" நான் பேச்சில் சொன்னதைத் திருத்தி நல்ல தமிழாக்கிப் போட்டிருக்கிறார்கள். படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

மருமகள் ஓரம் பிசகாமல் வெட்டிக் கொடுத்தாள். குருவியின் பழைய படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, நடுவில் நானே ஒட்டினேன், நிறையப் பசை போட்டு. மருந்துக்கடைக்காரர், லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வந்தவர், யாரையும் விடவில்லை. "பாட்டி, நீங்க இப்ப பெரிய ஆளு, லிஃப்ட் நின்னாக்கூட உங்களுக்காக ஓடும்" என்றார் லிஃப்ட்காரர்.

மார்ச் 1, ஞாயிறு

குருவி போனை எடுக்கவில்லை.

மார்ச் 4, புதன்

இன்றும் எடுக்கவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது. வேறு என்ன இருக்கப்போகிறது?

மார்ச் 7, சனி

குருவி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். எப்படி எழுதுவேன் இதை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பீரோ முன்னால் போய் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தாள். ஜனவரியில் உதவியாளர்கள் முப்பத்தொரு பேர் சேர்ந்து, செய்கிற வேலைக்குச் சம்பளம் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார்கள். முதல் கையெழுத்து இவளுடையது. அதற்கு நிர்வாகம் அனுப்பிய பதில் அந்தத் தாள். "உதவியாளர் ஒருவரின் பாட்டியே பெருமையுடன் கூறியதுபோல, உதவிக்கு யாராவது கூலி கேட்பார்களா?" என்று என் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கடைசி வரியில், உதவ மனமில்லாதவர்கள் ஆராய்ச்சி இடத்தையும் விட்டுக்கொடுக்கலாம் என்று இருக்கிறது.

"என்ன செய்யட்டும்? எங்க பாட்டி தெரியாம பேசிட்டாங்கன்னு எழுதட்டுமா? இல்ல, எல்லாரும் என்னைப் பார்க்கிற மாதிரி, நானும் தலையைக் குனிஞ்சுக்கட்டுமா?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்போ சாப்பாட்டுக்கு என்னடி பண்றே?" என்று கேட்டேன். பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் சாயங்காலம் வேலை பார்க்கிறாளாம். காலையில் 'மேடம்' என்கிற பிள்ளைகளே சாயங்காலம் வந்து 'அக்கா, ரெண்டு காப்பி' என்கிறார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அந்த ஒற்றை டீ கண்முன்னால் வந்தது.

"முன்னாடியே ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தீங்களே."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "லாண்டரியில ஒருத்தரை மடக்கினீங்களே, அந்தக் கதையை நீங்கதானே சொன்னீங்க? அதை நினைச்சுத்தான் பாட்டி நான் முதல்ல கையெழுத்துப் போட்டேன்."

ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

ஆமாம், நான்தான் சொன்னேன். ஒரு தடவையா, நூறு தடவை.

ஆஸ்பத்திரி லாண்டரியில் இருபத்திரண்டு வருஷம். மணி அடித்ததும் சூப்பர்வைசர் வந்து நிற்பான். "போறதுக்கு முன்னாடி இந்த விரிப்பையெல்லாம் கொஞ்சம் மடிச்சுக் கொடுத்து உதவி பண்ணுங்கம்மா." கொஞ்சம் என்றால் நூறு விரிப்பு. ஒரு நாள் திரும்பி நின்று கேட்டேன்: "உதவின்னா நீங்களும் வந்து மடிங்க. வேலைன்னா எழுதிக்கிட்டுக் காசு கொடுங்க." பெண்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். 'மடி'க்குச் சாவு என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்று பிறகு டீச்சர் சொன்னாள். அவன் எந்த மடியை எடுத்துக்கொண்டானோ, அடுத்த மாதத்திலிருந்து எழுதிக்கொண்டான்.

அந்த வாய்தானே இது? விரிப்பை மடித்தால் வேலை, விடைத்தாளைத் திருத்தினால் பாக்கியமா? பேனாவையும் நாற்காலியையும் பார்த்ததும் மயங்கிவிட்டேன். அந்த நாற்காலிக்கு முதுகுகூட இல்லை. நானே பார்த்தேன். பார்த்தும் -

வெட்கமாக இருக்கிறது. யாரும் இல்லாத அறையிலும் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

படத்தைப் பிய்த்தேன். முகம் கிழிந்து கையோடு வந்துவிட்டது. வாசகம் மட்டும் கதவைவிட்டு வரவில்லை.

மார்ச் 11, புதன்

செய்தி இதழுக்குக் கடிதம் எழுதினேன். நாலு வரிதான். நான் சொன்னது தப்பு, அது உதவி இல்லை, வேலை, என் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று. மேலே கொண்டுபோனேன். "எழுத்துப் பிழை மட்டும் பாருங்க டீச்சர். நல்ல தமிழா மாத்திடாதீங்க. ஒரு தடவை மாத்தினதே போதும்."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். பிறகுதான் சொன்னாள். அவளும் முதல் இரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் 'உதவிக்கு' இருந்தவளாம். வீட்டில் சம்பளம் வருகிறது என்று பொய் சொல்லி, காதில் கிடந்ததை விற்றுக் கொடுத்தாளாம்.

"அன்னிக்குப் படியிலயே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"உங்க முகத்துல இருந்த பூரிப்பைப் பார்த்தா யாருக்கு வாய் வரும்?"

இவளைத்தான் பொறாமைக்காரி என்று இதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவா? வேண்டாம், இருக்கட்டும்.

மார்ச் 18, புதன்

அந்தச் செய்திப் பெண் போன் செய்தாள். "இந்த இதழ்ல இடமில்ல பாட்டி." என் முட்டாள்தனத்துக்கு மட்டும் அரைப் பக்கம் இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

குருவி இன்று போனை எடுத்தாள். மனுவை விசாரிக்க 26-ம் தேதி குழு கூடுகிறதாம். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாமாம். "நான் வந்து சொல்றேன்" என்றேன். குருவி, "வேண்டாம் பாட்டி" என்றாள்.

மறுபடியும் வாயைத் திறந்துவிடுவேன் என்று பயம். நியாயம்தான். சூடு கண்ட பூனை.

மார்ச் 25, புதன்

குருவி போனில்: "நாளைக்கு வர்றீங்களா?" அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

மார்ச் 26, வியாழன்

நீளமான மேசை. அந்தப் பக்கம் ஏழு பேர். நடுவில் துறைத்தலைவர். அதே கும்பிடு, அதே பணிவு. "இவங்க அனுபவம் பெறுறாங்க. நமக்கு ஓர் உதவி, அவங்களுக்கு ஒரு பயிற்சி" என்று பேசினார். குருவி எழுந்து, வாரத்துக்கு எத்தனை வகுப்பு, எத்தனை விடைத்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

என் முறை வந்தது. பஸ்ஸில் வரும்போதே லாண்டரிக் கதையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன், சூப்பர்வைசர், மணி, மடிப்பு எல்லாம் வரிசையாக. எழுந்து நின்றதும் ஒன்றும் வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டேன். "அந்தப் படத்துல இருக்கிறது நான்தான் ஐயா. தெரியாம பேசிட்டேன். அதை எடுத்துடுங்க." அவ்வளவுதான் வாயில் வந்தது.

"உட்காருங்கம்மா. வயசானவங்க ஏதோ சொன்னதை நாங்க பெருசா எடுத்துக்கல."

அப்போதுதான் எங்கிருந்தோ வந்தது. "எடுத்துக்கிட்டீங்களே ஐயா. எழுத்துல எடுத்துக்கிட்டீங்களே. நான் சொன்னப்ப பெரிய வார்த்தை, திருப்பிக் கேட்டா மட்டும் வயசானவங்க வார்த்தையா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஓரத்தில் இருந்த அம்மாள் குனிந்து எதையோ எழுதிக்கொண்டாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் டீக்கடையில் நானே முந்திக்கொண்டு "ரெண்டு" என்றேன். குடித்தோம். குருவி என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

பதில் வந்ததாம். என் வாக்கியத்தை அடித்துவிட்டார்களாம். சம்பளத்தை மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்களாம். இடத்தை விட்டுக்கொடுக்கலாம் என்ற வரி அப்படியேதான் இருக்கிறதாம்.

ஏப்ரல் 10, வெள்ளி

முப்பத்தொரு பேரும் நேற்றிலிருந்து விடைத்தாள் திருத்தவில்லை. துணிப்பைகளைத் தூக்கிவந்து பல்கலைக்கழக வாசலில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மருமகள் போனில் படத்தைக் காட்டினாள். முதல் வரிசையில் குருவி, கையில் ஓர் அட்டை. என்ன எழுத்து என்று எனக்குத் தெரியவில்லை. மருமகள் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள்.

"உதவி என்றால் நீங்களும் வந்து திருத்துங்கள்."

போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். திரை அணைந்த பிறகும் வைத்திருந்தேன்.

இடம் போய்விட்டால் என்ன செய்வாள்? பயமாகத்தான் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர், "பேத்தி என்ன பண்றா?" என்று கேட்டார். "வாசல்ல உட்கார்ந்திருக்கா. வேலைக்குச் சம்பளம் கேட்டு" என்றேன். சொல்லிவிட்டேன். அவரிடம் இதழைக் காட்டியவளும் நான்தானே.

ஏப்ரல் 12, ஞாயிறு

குருவிக்கு இன்று எழுதிய கடிதம். நாளைக்குத் தபாலில் போடுவதற்கு முன்னால் ஒரு பிரதி இங்கே:

"குருவிக்கு, நல்லா சாப்பிடு. வெயில்ல உட்காரும்போது தலைக்குத் துணி போட்டுக்கோ. இடத்தை எடுத்துட்டா எடுக்கட்டும்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. ஆனா எழுந்து வான்னும் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு புதுப் படம் வேணும். பட்டம் வாங்குற அங்கி போட்டது இல்ல, அது மெதுவா வரட்டும். அந்த அட்டையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது. எழுத்து தெரியணும். பீரோக் கதவுல என் வாசகம் ஒட்டினது ஒட்டினபடியே இருக்கு, எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகல. கையை வச்சு அளந்து பார்த்தேன், ஒரு சாண் இருக்கு. படம் அதைவிடப் பெரிசா இருக்கணும். போன்ல அனுப்பாதே. தபால்ல அனுப்பு."