சைரன் கேட்டது, எழுந்திருக்கவில்லை

என் அன்பு வாண்டுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம், பேச்சுவார்த்தைக்குத்தான் கொஞ்ச நாளாகச் சுகமில்லை. உன் சளி விட்டதா, மாப்பிள்ளைக்கு முதுகுவலி குறைந்ததா, அங்கே இன்னும் குளிர் போகவில்லை என்றாயே, ஈரத் தலையோடு படுக்காதே. இதையெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன், நீதான் என்னைப் பேச விடவில்லை. "அம்மா, ப்ளீஸ், தூங்கிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லி விஷயத்த முடிம்மா, என் ஆபீஸ்ல கூட அந்த வீடியோவப் பாத்துட்டாங்க" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்த ஒரு வார்த்தையை நான் ஏன் சொல்லமாட்டேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். இதையும் பாதியில் வைத்துவிடாதே.

நடந்ததை அப்பா உனக்கு அவர் பாணியில் சொல்லியிருப்பார், நான் என் பாணியில் சொல்கிறேன். குளிர்காலம் முழுக்க நம் குடியிருப்பில் யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை, துணியும் மனிதர்களும் ஒரே புழுக்க வாடை. மூன்றாம் மாடி டீச்சரை உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், விசில் டீச்சர் என்று நீ கேலி செய்வாயே, அவர்தான் வெயில் திரும்பியதும் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "கம்பளிய உதறிக் காயப்போடுறோம்ல, நம்மளயும் ஒரு தடவ உதறிக் காயப்போடுவோம், யோகா பண்ணலாம், மொட்டைமாடிக்கு வாங்க" என்றார். டீச்சரோடு சேர்த்து ஐந்து பேர் போனோம், இரண்டாம் மாடி தையல்காரம்மா, மருந்துக்கடை அக்கா, கீழ்வீட்டுக் கைக்குழந்தைக்காரி, நான். முதல் நாள் குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னபோது தையல்காரம்மா பாதி வழியில் நின்றுகொண்டு, "என் காலு இவ்வளவு தூரத்துல இருக்குன்னு இத்தன நாளா யாருமே சொல்லலியே" என்றார், நாங்கள் சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்துவிட்டன. தெரு மரங்களில் அப்போதுதான் துளிர் விட்டிருந்தது, மேலிருந்து பார்த்தால் கிளைகளின் மேல் பச்சையாகப் புகை படிந்த மாதிரி இருக்கும். கையைத் தூக்கி மூச்சை இழுத்தால் அந்தப் பச்சையும் சேர்ந்து உள்ளே போகிறது என்றே நினைத்துக்கொள்வேன்.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். சத்தம் புகாத அறைக்குள் ஒருவரை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவேன், கேட்டால் அவர் பட்டனை அழுத்துவார். நாள் முழுக்க அடுத்தவர் காதுக்கு எது கேட்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான். மாடியில், கடைசியாகச் சவாசனத்தில் மல்லாந்து கண்ணை மூடிக் கிடக்கும்போதுதான் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. கோயில் குளம் என்று அலைகிறவள் இல்லை உன் அம்மா. ஆனால் அந்தச் சிமெண்டுத் தரையில் முதுகை வைத்தபோது எனக்குள் ஏதோ ஒன்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து சுற்றிப் பார்த்தது. அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

அந்த வாரம்தான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பூச்சு அடித்திருந்தார்கள், வாடை தெருவரை வந்தது. எதிர்க் கட்டடத்தில் சாரம் கட்டிச் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் திரும்பிப் பார்த்திருக்கிறார், ஐந்து பெண்கள் தொட்டியடியில் அசைவில்லாமல் கிடக்கிறோம். வாடையில் மயங்கிவிட்டோம் என்று நினைத்து, கத்திப் பார்த்து, பதில் வராமல் தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்துவிட்டார். சைரனோடு வண்டி வந்தது, தெருவே கூடியது, தலைக்கவசம் போட்ட ஒரு பிள்ளை மூச்சிரைக்க மாடிக்கு ஓடி வந்து, "அம்மா, உயிரோட இருக்கீங்களா?" என்றான். டீச்சர் கண்ணைத் திறக்காமலே, "இருக்கோம், ரெண்டு நிமிஷம் பொறுங்க தம்பி" என்றார். அதைத்தான் எவரோ எதிர் மாடியிலிருந்து படம் பிடித்துவிட்டார்கள்.

அன்று மாலையே குடியிருப்புச் சங்கக் கூட்டம். அப்பாதான் தலைவர், மாடிச் சாவியும் அவரிடம்தான். "ஊர்க் காதையெல்லாம் சோதிக்கிறவ, வாசல்ல வந்து நின்ன சைரன் கேக்கலியாம்" என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டார். கூட்டத்தில் செயலாளர் நல்ல பிள்ளையாகத்தான் பேசினார், "அசதியில தூங்கிட்டோம், இனிமே நடக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம், மாடி உங்களுக்குத்தான், இல்லாட்டி பூட்டத்தான் வேணும்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் மனைவி சொன்னால் மற்றவர்கள் சொன்ன மாதிரிதானே. அப்பா கண்ணாலேயே சொல்லு சொல்லு என்றார். நான் எழுந்து, "தூங்கல. கேட்டுச்சு. எழுந்திரிக்கல" என்றேன்.

கேட்டது வாண்டு. வண்டி தெருமுனை திரும்பும்போதே கேட்டது, அது என் தொழிலாயிற்றே. வழக்கம்போல் உடம்பு எழப் பார்த்தது. பால் பொங்கினால் நான், அழைப்புமணி அடித்தால் நான், சின்ன வயதில் நீ தூக்கத்தில் இருமினால் முழுதாக முழிப்பதற்கு முன்பே உன் கட்டிலருகே நின்றவள் நான். ஆனால் அன்று எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது, அணைக்க ஆள் போய்க்கொண்டிருக்கிறது, நான் போகவேண்டியதில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான், இவ்வளவு சின்ன விஷயம்தான். மூச்சு அடிவயிறு வரை இறங்கியது, கண்ணீர் ஓரமாக வழிந்து காதுக்குள் போனது. இந்த வசந்தம் எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். அதைத் தூக்கம் என்று சொல்லச் சொல்கிறீர்கள். அசந்து தூங்கினால் பாவம் என்று மன்னிப்பார்கள் போலிருக்கிறது, முழித்துக்கொண்டே எழுந்திருக்காமல் இருந்தால்தான் தாங்க முடியவில்லை. செயலாளர், "கேட்டுமா எழுந்திரிக்கல?" என்று கொலையை ஒப்புக்கொண்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்போது கைக்குழந்தைக்காரி, இத்தனைக்கும் அவள் கூட்டத்தில் வாயே திறக்காதவள், மடியில் பிள்ளையோடு, "எனக்கும் கேட்டுச்சு சார்" என்றாள். மருந்துக்கடை அக்கா தனக்கும் கேட்டது என்றார். தையல்காரம்மா, "எனக்கு நல்லாவே கேட்டுச்சு, யாரு வீடோ பாவம்னு நெனச்சேன், நம்ம வீடுன்னு யாரு கண்டா" என்றார். மாடியைப் பூட்டிவிட்டார்கள்.

நீ பயந்த இடம் இதுதான், இதற்குப் பிறகாவது அடங்குவேன் என்று நினைத்திருப்பாய். மறுநாள் காலை பாய்களைக் கீழே வாசல் முற்றத்தில், கேட்டுக்குப் பக்கத்திலேயே விரித்தோம். தெருவில் போகிற வருகிறவர் எல்லாம் பார்க்கிற இடம், நல்ல வெயில் வேறு. செயலாளர் காரை எடுக்க வந்து ஹாரன் அடித்தார், டீச்சர் அவருக்கும் அதே ரெண்டு நிமிஷத்தைத்தான் சொன்னார். பெயிண்டர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "நீயாச்சும் எங்களத் திரும்பிப் பாத்தியேப்பா" என்று டீச்சர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது, இரண்டு நாள் கழித்துத் தன் மனைவியைக் கூட்டி வந்து விட்டுப் போனார். எதிர்க் கட்டடத்திலிருந்தும் வருகிறார்கள், நீ சொன்ன அந்த வீடியோவைப் பார்த்துத்தான். நேற்று அப்பா சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "எடுத்துக்க, மேலயே செய்யுங்க, பாக்கிறவங்க எங்கிட்டதான் கேக்குறாங்க" என்றார். நான் சாவியை அவர் பக்கமே தள்ளினேன். "நீங்களே வச்சிருங்க, இப்ப இருக்கிற கூட்டத்துக்கு மாடி பத்தாது" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே பத்தாது.

இன்று காலை மல்லாந்து கிடக்கும்போது நம் வீட்டு ஜன்னலிலிருந்து, "இந்தா, பாலு பொங்குது!" என்று அப்பா கத்தினார். முற்றம் முழுக்கக் கேட்டது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை, நானும்தான். கொஞ்ச நேரத்தில் அடுப்பு அணைகிற டக் சத்தமும் கேட்டது. அவருக்கு அணைக்கத் தெரிந்திருக்கிறது பார்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும். ஆபீசில் யாராவது கேட்டால் ஆமாம், அது எங்கம்மாதான், ஓரத்தில் பச்சைப் பாயில் கிடப்பவர் என்று சொல். குளிர் விட்டதும் முதல் வேலையாக ஜன்னலைத் திற. கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. காலையில் கூப்பிட்டால் மணி அடிக்கும், எனக்குக் கேட்கும், முடித்துவிட்டு எடுப்பேன்.

என்றும் உன்,
அம்மா