ஐந்தாவது வீடு பூட்டியிருந்தபோது

இன்று காலை ஒரு நர்சிங் மாணவியின் கணக்கெடுப்பு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு போய் விசாரித்திருக்கிறாள். கடலை பிடுங்குகிற நேரத்தில் ஒரு வீடுகூடப் பூட்டியில்லையாம். எரிச்சலில் நோட்டை மூடி வைத்துவிட்டேன். அவள் மேல் எரிச்சலா, என் மேலேயா என்று தெரியவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம், நர்சிங் படிப்பில் நமக்குக் கடைசி வருடம். செந்துறைப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு நம் இருவரையும் அனுப்பினார்கள். தெருக்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஐந்தாவது வீடாகப் பார்த்துப் போய், குழந்தைகளுக்குப் பேதி கண்டதா என்று கேட்டு எழுத வேண்டும். போனால் பாதி வீட்டில் பூட்டு. சனமெல்லாம் கடலைக் காட்டில். நான் பூட்டிய வீட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் திறந்திருந்த வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டே போனேன். நீயோ சாயந்திரம் வரை இருப்போம் என்றாய். அரியலூர் பஸ் போய்விடும், ஹாஸ்டல் வார்டன் கத்துவார் என்றேன்.

"வூட்ல இருக்கறவங்களையே கேட்டுட்டிருந்தா, வேலைக்குப் போறவ புள்ளைக்கு என்னான்னு எப்புடித் தெரியும்?" என்றாய்.

உன் அம்மாவும் கூலிக்குப் போனவர்தான். அது தெரிந்தும் பஸ் ஏறினேன். நீ அந்த ஊர் பால்வாடி ஆயா வீட்டில் தங்கி, மூன்று நாள் பழியாய்க் கிடந்து எல்லா வீட்டையும் முடித்தாய். பேதி கண்ட குழந்தைகள் அதிகம் இருந்தது அந்தப் பூட்டிய வீடுகளில்தான். நீ எழுதிய அதை யாரும் படிக்கக்கூட இல்லை.

நேரத்துக்கு வந்த என் நோட்டை மேடம் வகுப்பில் தூக்கிக் காட்டினார். உன்னுடையது தாமதம். நீ சொன்ன காரணத்தை அவர் நம்பவில்லை. எல்லார் எதிரிலும் என்னைக் கேட்டார்: "நீயும் அதே ஊருக்குத்தானே போன? ஒரு வூடாவது பூட்டியிருந்துச்சா?"

"இல்லைங்க மேடம்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். என் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாயே, ஏனடி சொல்லவில்லை? இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் உன் மேல்தான் கோபம் வருகிறது. மேடம் உன் நோட்டில் கையெழுத்துப் போடவில்லை. பரீட்சை எழுத முடியாமல் ஆறு மாதம் பின்தங்கினாய்.

பெரம்பலூரில் இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. ஆறு மாதம் முன்னால் சேர்ந்ததால் பதவி உயர்வெல்லாம் எனக்கே முதலில் வந்தது. வார்டில் என்னை வாங்க, போங்க என்பாய். அது மரியாதையா, குத்தலா? கேட்கத் துணிச்சல் வரவில்லை. நர்சிங் ஆசிரியையான பிறகு, பூட்டிய வீட்டுக்குத் திரும்பப் போகச் சொல்லித்தான் வருடாவருடம் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறேன். யாரிடம் கற்றேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

போன மாதம் உன் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் மகள் உறவுக்காரர்களிடம் என்னைக் காட்டி, "அம்மாவுக்கு சீனியருங்க" என்றாள். ஒரே வகுப்பு என்று நான் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு, அவள் எடுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.