நாலு விரற்கடைக் குடல்

மார்ச் 4, செவ்வாய்
பையன் பிறந்து ஒரு நாள் முழுசாக ஆகிவிட்டது. இன்னும் முதல் மலம் போகவில்லை. நர்ஸ் துணியை விரித்துப் பார்ப்பதும் உதட்டைப் பிதுக்குவதுமாக இருக்கிறாள். இவர் சிரிக்கிறார்: "என்னை மாதிரி சோம்பேறி. எல்லாம் மெதுவாத்தான் செய்வான்."

மார்ச் 5
பச்சையாக வாந்தி எடுத்தான். வயிறு மத்தளம் மாதிரி உப்பிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பால் கொடுக்கக் கூடாதாம். எனக்கோ ரவிக்கையெல்லாம் நனைகிறது.

மார்ச் 6
"குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார். இல்லையென்று இவர் பட்டென்று சொல்லிவிட்டார். ஆசனவாய்க்குள்ளிருந்து ஒரு துணுக்குச் சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையிலிருந்து நேராக வந்ததால் வாடை அடிக்கிறதென்று நர்ஸ் இவரை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி, இவருடைய அக்கா, இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்துத் தெருதான். கல் நெஞ்சு.

மார்ச் 7
குழாய் வைத்துக் குடலைக் கழுவி விடுகிறார்கள். வயிறு கொஞ்சம் இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது.

மார்ச் 8
அண்ணி வந்தாள். கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என் புள்ளைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

அண்ணிக்குப் பிள்ளையா? பதினெட்டு வருஷத்துக்கு முன்னால். ஒன்பது நாள் இருந்ததாம். அப்போது பள்ளிக்கூடப் பையனாக இருந்த இவரிடம் குறைப்பிரசவம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

"வயிறு பளபளன்னு... உன் பால்தான் சேரலைன்னு மாமியார் வீட்ல சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். உன் புள்ளையத் தொட பயமா இருந்துச்சு. அதான் வரல."

கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். சொல்லுங்க அண்ணி. சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு முழுசும் கேட்டார். பிறகு சொன்னார்:

"பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. குடலோட கடைசிப் பக்கத்துல நரம்பு இல்லாமப் பிறக்கறது. அந்த இடம் மலத்தைத் தள்ளாது. சில குடும்பத்துல வரும்."

படி இறங்கும்போது அண்ணி, "பதினெட்டு வருஷம்" என்றாள்.

மார்ச் 13
சதைப் பரிசோதனை முடிவும் டாக்டர் சொன்னதேதான். காலையில் ஆபரேஷன், மூன்றரை மணி நேரம். நரம்பில்லாதது நாலு விரற்கடைதானாம். நாலே விரற்கடை! நல்ல குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் விழ அதன் மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள். சிவப்பாக, ஈரமாக — என்னால் பார்க்க முடியவில்லை. பெத்தவ நானு. நானே இப்படி எழுதுறேனே.

மார்ச் 19
ஜுரம். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. நாளை வரை ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

மார்ச் 20
இருக்கிறான்.

ஏப்ரல் 6
வீட்டுக்கு வந்துவிட்டோம். பிறந்தபோது இருந்ததைவிட எடை குறைவு. குடலை உள்ளே சேர்க்க இன்னும் ஆறு மாதத்தில் மறுபடி ஆபரேஷன். பையின் ஓரம் கசிந்து தோல் வெந்துபோயிருக்கிறது, தொட்டாலே வீறிடுகிறான். "நான் பிடிச்சுக்கறேன், நீ மாத்து" என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நானும் பாதி பார்த்தும் பாதி பார்க்காமலும்தான் ஒட்டுகிறேன்.

ஏப்ரல் 13
இன்று அண்ணி மாற்றினாள். வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்து, களிம்பு தடவி, புதுப் பையை வைத்துச் சுற்றிலும் விரலால் அழுத்தினாள். அவன் அழவே இல்லை. பால் குடித்தான். கொஞ்ச நேரத்தில் பைக்குள் மஞ்சளாக வந்து விழுந்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள். "ஒரு ஓட்டை, ஒரு பை... இவ்ளோதானா?"

பிள்ளையை அவள் மடியிலேயே விட்டுவிட்டு, துணி அலசப் போனேன்.