நாளைக்குக் கணக்குப் பேப்பர்

ஷிஹாராட வாப்பாவுக்கு,

புள்ளயக் கூட்டிக்கிட்டு புத்தளத்துல எங்கூடப் பொறந்த ராத்தா ஊட்டுக்குப் போறன். சோதின முடியுற வரைக்கும் அங்கதான் இருப்பம், அங்கயிருந்தே நான் சோதினைக்குக் கூட்டிக்கிட்டுப் போவன். நீங்க வரவும் வேணாம், போன்ல கோல் எடுக்கவும் வேணாம்.

நேத்து சயன்ஸ் பேப்பர்ல ரெண்டு கேள்விய விட்டுட்டன் எண்டு அவ உண்மையத்தான் சொன்னா. அதுக்கு நீங்க பக்கத்து ஊட்டு மக்பூலுக்கு முன்னால அவள "மரமண்ட" எண்டு ஏசி, எழுதி முடிஞ்ச பேப்பரத் திரும்ப எழுத வச்சீங்க. அவ திண்டதெல்லாம் சத்தி எடுத்த பொறகும் எழும்ப விடல்ல. இண்டைக்குக் காலையில கணக்குக் கொப்பியத் தொறந்தா, புள்ள ஒரே கணக்க அழிச்சி அழிச்சி எழுதுறா. தெரிஞ்ச கணக்கும் வரல்ல.

ராத்தா ஊட்டுல முடிஞ்ச பேப்பரப் பத்தி ஒத்தரும் கேக்க மாட்டாங்க. புள்ள மணிக்கூட்ட முன்னால வச்சி ஒரு பழைய பேப்பர் செய்வா. திண்டுட்டு நேரத்தோட படுப்பா. அது போதும்.

சோறு சட்டியில இருக்கு. மீனாணம் நேத்தையது, சுட வைங்க. பின்னேரம் மக்பூல் தண்ணி மோட்டர் திருத்த வருவாராம். புள்ள எங்க எண்டு கேட்டா, "நாந்தான் வெரட்டினன்" எண்டு உண்மையச் சொல்லுங்க.

பஹ்மிதா

அடையாள அட்டையும் அட்மிஷன் கார்டும் எங்கிட்ட. தேடுறன் எண்டு அலுமாரியக் கொட்டாதீங்க.

இன்னொண்டு. "வாப்பாக்கு ஏதும் எழுதுறியா?" எண்டு பேனைய அவகிட்ட நீட்டினன். வாங்கி, மூடியப் போட்டு, பேக்குக்குள்ள வச்சிட்டா.

"இது சோதினைக்கு, உம்மா" எண்டா.